படர்க்கை

உரும்பிராய்ச் சந்திக்கு இங்காலை
லைற் இல்லாத லான்ட்மாஸ்ரர் ஒன்று
பீற்றூட் மூட்டைகளோடு ஒழுங்கைக்குள்ளிருந்து வந்து
என் அல்ட்டோவின் இடதுபக்கக் கதவை
மெதுவாக, மிக மெதுவாக
உள்ளே தள்ளியது.
கோபப்படுவதற்குக்கூட நேரம் தந்தது அந்த வேகம்.

இறங்கியவர் உருண்ட பீற்றூட்டுகளைப் பார்த்தார்.
பிறகு கதவை. பிறகுதான் என்னை.
"தங்கச்சி, காயம் ஒண்டுமில்லையே?"
"இன்சூரன்ஸ் இருக்கோ?" என்றேன்.
இப்போது யோசித்தால்
அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

இல்லையாம். இலக்கத்தகடும் இல்லை.
பெயர் இருந்தது: குலவீரசிங்கம்.
உரப்பையில் கிழித்த துண்டொன்றில்
தொலைபேசி இலக்கம் எழுதித் தந்தார்.
ஏழையும் ஒன்றையும் ஒரே மாதிரி எழுதுகிற கை.

இரவு முகவர் அருமைத்துரைக்கு அழைத்தேன்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சொதி உறிஞ்சும் சத்தம்.
"உங்கட மூன்றாம் தரப்பு, ரீச்சர்.
நீங்கள் ஆரையும் இடிச்சால் நாங்கள் பாப்பம்.
உங்களை ஆரும் இடிச்சால் அவையின்ர கம்பனி பாக்கும்."
"அவருக்குக் கம்பனி இல்லை."
"அப்ப..." என்றார்.
மறுபடி சொதி.

பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் படிப்பிக்கிறவள் நான்.
இந்தக் காகிதத்தில் நான் தன்மை, கம்பனி முன்னிலை.
படர்க்கையில் ஊர் முழுக்க நிற்கிறது:
மருதனார்மடம் சந்தைக்குப் போகிற சைக்கிள்கள்,
ஆரோ வீட்டு மதில், மின்கம்பம்,
நடுரோட்டில் படுத்து அசைபோடும் மாடு.
அத்தனைக்கும் காவல் உண்டு.
தன்மைக்கு மட்டும் விகுதி இல்லை.

காப்பை அடைவு வைத்துத்தான் கார் வாங்கினேன்.
வீட்டு உறுதி, அண்ணாவின் கடனுக்கு, வங்கியில்.
காப்பும் போய் உறுதியும் போய்க்
கையில் கிடப்பது காப்புறுதி.
சிரிப்பு வந்தது.
தனியே இருந்து சிரிக்க ஒரு மாதிரிக் கிடந்தது,
எழும்பிப்போய் ரீவியைப் போட்டேன்.

பின்பக்கம் எறும்பெழுத்து, ஆங்கிலம்.
அகராதியை விரித்து வைத்து வாசித்தேன்.
போர். படையெடுப்பு. கலகம்.
வானிலிருந்து விழும் பொருட்கள்.
இவற்றால் வரும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல.
ஒவ்வொன்றையும் விரலால் தொட்டேன்.
எல்லாம் எங்கள் வளவுக்குள் வந்து போனவைதான்.
ஓட்டி வந்தவர்களில் ஒருவர்கூட
இறங்கிக் காயமோ என்று கேட்கவில்லை.
துண்டில் இலக்கம் எழுதித் தரவில்லை.

விடியப் பார்த்து அழைத்தேன்.
ஏழென்று நினைத்தது ஒன்று போலும்,
கோண்டாவிலில் ஒரு சலூன்காரர் எடுத்தார்.
ஏழை ஒன்றாக்கி மறுபடி.
ஒரு பிள்ளை: "அப்பா தோட்டத்தில தண்ணி மாறுறார்.
நீங்களோ கார்?"
"ஓம்" என்றேன், "நான்தான் கார்."
"மூவாயிரம் மேசையில வைச்சிருக்கிறார்.
வந்தால் குடுக்கச் சொன்னவர்."

கராஜில் சொன்ன கணக்கு முப்பத்தெட்டாயிரம்.

காரை அங்கே விட்டிட்டுப்
பள்ளிக்கூடம் போக ஸ்கூட்டியை எடுத்தேன்.
பழக்கமில்லாத ஒரு சந்தேகம்.
இருக்கையைத் தூக்கி அதன் அட்டையைப் பார்த்தேன்.
முடிந்து முப்பத்திரண்டு நாள்.

முப்பத்திரண்டு நாள்
பலாலி வீதியிலும் இராசபாதையிலும்
மழைக்கோட்டோடும் பரீட்சைத்தாள் கட்டோடும்
ஆரோ ஒருவரின் குலவீரசிங்கமாக
ஓடித்திரிந்திருக்கிறேன்.

சாவியைத் திருப்பவில்லை.
உருட்டிக்கொண்டே நடந்தேன்.
முதல் பாடம் எப்படியும் பிந்திவிட்டது.

சந்திக்கு இங்காலை, அதே இடத்தில்,
நேற்றைய பீற்றூட் ஒன்று ரயரில் நசிந்து
தார் சிவந்து கிடந்தது.
வருகிறவர்கள் பார்த்துவிட்டு
ஒரு கணம் வேகம் குறைத்து,
அதைச் சுற்றி விலகிப் போனார்கள்.
ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

அது பீற்றூட் என்று
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.